“நீங்க டாக்டரா, கவுன்சிலரா?”: மருத்துவ உளவியலாளராக வேர் பிடிக்கும் ஆண்டுகள்

மருத்துவ உளவியலாளருக்கு ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வுக் கவுன்சில்) பதிவுச் சான்றிதழ் கைக்கு வந்த மறு வாரமே பெயர்க் குழப்பம் ஆரம்பித்துவிடும். வாசலில் காத்திருக்கும் அம்மா “டாக்டர்” என்பார். வார்டு நர்ஸ் “கவுன்சிலர் மேடம்” என்பார். மனநல மருத்துவர் அனுப்பும் சீட்டில் “ஐ.க்யூ. டெஸ்ட்டுக்கு” என்று மட்டும் இருக்கும். மூன்றுமே சரியில்லை. ஆனால் எந்தப் பெயரில் கூப்பிடுகிறார்களோ அந்த அளவுக்கு நம் வேலையும் மெதுவாகச் சுருங்கிவிடும். டாக்டர் என்று கூப்பிட்டால் மாத்திரை கேட்பார்கள். கவுன்சிலர் என்றால் பையனுக்குப் புத்தி சொல்லச் சொல்வார்கள். டெஸ்ட் போடுகிறவர் என்றால் ஐ.க்யூ. எண்ணைக் கேட்பார்கள்.

இந்தத் தொழிலில் முதல் பத்து ஆண்டு வளர்ச்சியின் பெரும்பகுதி இந்த மூன்று பெயர்களையும் யாரையும் புண்படுத்தாமல் திருத்துவதில்தான் கழிகிறது. வாயால் விளக்கிச் சொல்லித் திருத்த முடியாது. எழுதும் அறிக்கை, நடத்தும் முதல் அமர்வு, வார்டில் பேசும் இரண்டு நிமிடம் ஆகியவைதான் திருத்தும்.

சட்டம் நமக்கு எங்கே இடம் கொடுத்திருக்கிறது என்பது பலருக்குப் பணியில் சேர்ந்த பிறகும் தெரிவதில்லை. 1992-ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் சட்டப்படி மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் ‘மனநலத் தொழில்முறையாளர்’ என்ற தகுதியைப் பெற மாநில மனநல ஆணையத்திலும் தனியாகப் பதிய வேண்டும். ஆர்.சி.ஐ. எண் இருந்தால் போதும் என்று இரண்டாவதை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். அதே சட்டத்தின் 89-ஆம் பிரிவின் கீழ், தானே முடிவெடுக்க இயலாத நிலையில் இருப்பவரை உள்நோயாளியாகச் சேர்க்க இரண்டு பேர் தனித்தனியே பரிசோதிக்க வேண்டும். ஒருவர் மனநல மருத்துவர். மற்றவர் மருத்துவராகவோ பதிவு பெற்ற மனநலத் தொழில்முறையாளராகவோ இருக்கலாம். அந்த இரண்டாவது கையெழுத்து உங்களுடையதாக இருக்கக்கூடும் என்றால், ஒரு மனிதரின் சுதந்திரத்தின் மீது நீங்கள் கையெழுத்துப் போடுகிறீர்கள். மருத்துவர் எழுதியதைப் பார்த்து எழுதுவதற்கான இடம் அது இல்லை. 106-ஆம் பிரிவு எல்லையைப் போடுகிறது: தன் தொழிலின் துறை அனுமதிக்காத மருந்தையோ சிகிச்சையையோ யாரும் பரிந்துரைக்கக் கூடாது. “போன தடவை குடுத்த மாத்திரையவே தொடரலாமா?” என்ற கேள்விக்கு “தொடருங்க” என்று சொல்வதுகூட அந்த எல்லையைத் தாண்டுவதுதான். “அதை டாக்டர்கிட்ட கேட்டுடலாம், இன்னைக்கே கேக்கணுமான்னு மட்டும் சொல்லுங்க” என்று சொல்லி, தேவைப்பட்டால் அப்போதே மருத்துவருக்குப் போன் செய்வது சரியான வழி.

படிக்க வருபவர்களுக்கு ஒன்று. எம்.ஃபில். படிப்பை யு.ஜி.சி. 2022-இல் நிறுத்தினாலும், பிறகு மருத்துவ உளவியலுக்கும் மனநல சமூகப்பணிக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை விலக்கு தந்தது. அதன்பின் எம்.ஏ. மருத்துவ உளவியல், சை.டி. (உளவியல் முனைவர் பட்டம்) போன்ற பாதைகள். எந்தப் பாதையானாலும், கல்லூரிக்கு அனுமதி இருக்கிறதா என்று கேட்டால் போதாது. நீங்கள் சேரும் அந்த ஆண்டுக்கு, அந்தப் படிப்புக்கு, எத்தனை இடங்களுக்கு ஆர்.சி.ஐ. அனுமதி இருக்கிறது என்று கேளுங்கள். அனுமதியில்லாத ஆண்டில் சேர்ந்து படித்து முடித்துவிட்டு, பதிவு கிடைக்காமல் நிற்பதைவிடக் கொடுமை இந்தத் துறையில் வேறில்லை.

“டெஸ்ட் போடுறவங்க”

அரசு மருத்துவமனையிலும் சிறப்புப் பள்ளிகளிலும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் ஐ.க்யூ. மதிப்பீட்டிலேயே போய்விடுகின்றன. மாற்றுத்திறனாளிச் சலுகைகளுக்குக் குறைபாடு 40 சதவீதம் இருக்க வேண்டும், உதவித்தொகைக்கு அடையாள அட்டை தேவை, அட்டைக்கு எண் தேவை. வரிசை நீளம். இதைக் கீழான வேலை என்று நினைத்து வெறுப்பவர்கள் நல்ல மருத்துவ உளவியலாளர்களாக வளர்வதில்லை என்பதே எங்கள் கருத்து. ஒரு குழந்தையோடு ஒரு மணி நேரம் தனியே உட்கார்ந்து, அது எப்படி யோசிக்கிறது என்று பார்க்கக் கிடைக்கும் வாய்ப்பு மருத்துவமனையில் வேறு யாருக்கும் கிடையாது.

அந்த எண் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதை ஒரு கணக்கில் பாருங்கள். பினே–காமத் சோதனை. குழந்தைக்குச் சரியாக ஒன்பது வயது, அதாவது 108 மாதம். ஐந்து வயது நிலையில் ஆறு கேள்விக்கும் சரியான பதில், எனவே அடிப்படை 60 மாதம். ஆறு வயது நிலையில் நான்கு சரி, ஏழில் இரண்டு, எட்டில் ஒன்று, ஒன்பதில் எதுவுமில்லை. பத்து வயது வரையிலான நிலைகளில் ஒரு கேள்விக்கு இரண்டு மாதம். ஆக 60 + 8 + 4 + 2 = 74 மாதம். 74-ஐ 108-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் ஐ.க்யூ. 68.5. இதே குழந்தை இன்னும் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியிருந்தால் 76 மாதம், 70.4. அறிவுத்திறன் குறைபாட்டைப் பிரிக்கும் எழுபது என்ற கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரு கேள்விதான் வித்தியாசம்.

அந்த ஒரு கேள்வி ஏன் தவறியது? விடியற்காலை நாலரை மணி பஸ்ஸில் வந்து, சாப்பிடாமல் பதினொரு மணிவரை காத்திருந்த குழந்தையாக இருக்கலாம். வலிப்பு மாத்திரையின் தூக்கக் கலக்கம் இருக்கலாம். காது சரியாகக் கேட்காமல் இருக்கலாம். கேட்புப் பரிசோதனை செய்யாமல் ஐ.க்யூ. எடுப்பது அடிக்கடி நடக்கும் தவறு. கேள்வியை எழுத்துத் தமிழில் வாசித்திருக்கலாம். கூட உட்கார்ந்திருக்கும் பாட்டி உதட்டை அசைத்துச் சொல்லிக்கொடுத்திருந்தால் தவறு எதிர்ப்பக்கம் போகும். எனவே சோதனைக்கு முன் கேட்க வேண்டியவை: சாப்பிட்டாச்சா, நேற்று தூங்கினானா, இன்று என்ன மாத்திரை எத்தனை மணிக்கு, காய்ச்சல் உண்டா, வீட்டில் என்ன மொழி, பள்ளியில் என்ன மொழி. பதில்களை அறிக்கையில் எழுதுங்கள். சரியில்லை என்றால் சோதனையைத் தள்ளிப்போடுங்கள். வெகுதூரத்திலிருந்து வந்தவர்களைத் திருப்பி அனுப்புவது மனதுக்குக் கஷ்டம்தான். கேன்டீனில் இட்லி வாங்கிக்கொடுக்கச் சொல்லி, ஒரு மணி நேரம் கழித்து உட்காரவைத்தாலே பல சமயம் போதும்.

பெரியவர்களுக்கு இதே சோதனையைப் போடும்போது நடக்கும் பிழை இன்னும் மோசமானது. கணக்கில் வயதை 16-க்கு மேல் எடுக்கக் கூடாது. முப்பது வயதுக்காரருக்கு 30-ஆல் வகுத்துவிட்டால், சராசரி அறிவுள்ளவருக்கும் அறிவுத்திறன் குறைபாடு என்று வந்துவிடும். இன்னொன்று, காமத்தின் அளவீடுகள் 1930-களில் பம்பாய் மாகாணத்துக் குழந்தைகளிடம் எடுக்கப்பட்டவை. இன்றைய குழந்தையிடம் வரும் எண்ணை அந்த வயதுள்ள ஒரு பழைய தராசில் நிறுத்த எடையாகவே பார்க்க வேண்டும்.

எண் மட்டும் ஒரு நோயறிதல் ஆகாது. அறிவுத்திறன் குறைபாடு என்று சொல்ல அன்றாட வாழ்க்கைத் திறனிலும் குறை தெரிய வேண்டும், அது வளரும் பருவத்திலேயே தொடங்கியிருக்க வேண்டும். அந்தத் திறனை அளக்கும் வைன்லேண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோலை இந்தியாவுக்கு மாலின் மாற்றியமைத்ததில் 89 கேள்விகள். அவசரத்தில் இதைத் தாயிடம் “தானா குளிப்பானா? சரி. தானா சாப்பிடுவானா? சரி” என்று ஓட்டிவிடுகிறோம். ‘முடியுமா’ என்று கேட்டால் அம்மாக்கள் ‘முடியும்’ என்பார்கள், அல்லது உதவித்தொகை கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயத்தில் ‘முடியாது’ என்பார்கள். “நேத்து காலைல எழுந்ததுல இருந்து பள்ளிக்கூடம் போற வரைக்கும் என்னென்ன நடந்துச்சு, சொல்லுங்க” என்று கேட்டு, அந்தக் கதையிலிருந்து மதிப்பெண் போடுங்கள். கடைக்குப் போய் இருபது ரூபாய் கொடுத்துப் பால் வாங்கி, மீதியைச் சரிபார்த்து வருகிற பிள்ளையின் ஐ.க்யூ. 68 என்றால், எண்ணை விட்டுவிட்டுப் பிள்ளையைப் பாருங்கள். பள்ளியே போகாததாலா, வாசிப்பில் குறிப்பான கற்றல் குறைபாடா, வீட்டில் குடியும் சண்டையுமா என்று தேட வேண்டும். கற்றல் குறைபாட்டுச் சான்றிதழுக்கு எட்டு வயது ஆகியிருக்க வேண்டும், பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தின் தொகுப்புச் சோதனை செய்ய வேண்டும் என்பதையும் பெற்றோரிடம் அப்போதே சொல்லிவிடுவது அவர்களுக்கு இரண்டு பயணங்களை மிச்சப்படுத்தும்.

‘டெஸ்ட் போடுகிறவர்’ என்ற பெயர் மாறும் இடம் அறிக்கையின் கடைசிப் பத்தி. பெரும்பாலான அறிக்கைகளில் அங்கே “நடத்தைச் சிகிச்சை, பெற்றோர் ஆலோசனை பரிந்துரைக்கப்படுகிறது” என்று இருக்கும். அதை வைத்து யாராலும் எதுவும் செய்ய முடியாது. அதற்குப் பதிலாக: “ஒரே நேரத்தில் ஒரு கட்டளைக்கு மேல் சொல்ல வேண்டாம். கரும்பலகையிலிருந்து எழுதுவதைப் பாதியாகக் குறைக்கவும். காசு எண்ணுவதை உண்மையான நாணயங்களை வைத்து தினமும் பத்து நிமிடம். மூன்று மாதத்தில் மீண்டும் பார்க்கலாம்.” பள்ளி ஆசிரியை இந்தத் தாளை மடித்து வருகைப் பதிவேட்டுக்குள் வைத்துக்கொள்வார். சீட்டு அனுப்பிய மருத்துவரிடம் போய், “இந்தப் பையனிடம் உங்களுக்குத் தெரிய வேண்டிய கேள்வி என்ன சார்?” என்று சோதனைக்கு முன்பே கேளுங்கள். முதலில் விநோதமாகப் பார்ப்பார்கள். கேள்விக்குப் பதிலோடு நான்கைந்து முறை போன பிறகு, சீட்டில் “ஐ.க்யூ. டெஸ்ட்டுக்கு” என்பது போய் ஒரு கேள்வி எழுதி வர ஆரம்பிக்கும். ஒரு மருத்துவமனையில் ஒரு உளவியலாளரின் இடம் மாறியதற்கு அதைவிட உறுதியான அடையாளம் இல்லை.

“கவுன்சிலர்”

பள்ளி ஆலோசகர்களும் எச்.ஐ.வி. மைய ஆலோசகர்களும் செய்யும் வேலை பெரியது. இந்தப் பெயரைத் திருத்துவதில் அவர்களைத் தாழ்த்தும் தொனி ஒருபோதும் வரக்கூடாது. சிக்கல் நம் மக்கள் அந்தச் சொல்லுக்குக் கொடுத்திருக்கும் பொருளில் இருக்கிறது. கவுன்சிலிங் என்றால் அட்வைஸ். “கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க மேடம், நாங்க சொன்னா கேக்க மாட்டேங்கிறான்.” ஒரு தடவை வருவார்கள், எடுத்துச் சொல்லவில்லை என்றால் அடுத்த தடவை வரமாட்டார்கள்.

எனவே முதல் அமர்விலேயே அவர்கள் கையில் ஏதாவது இருக்க வேண்டும். பயிற்சியில் விவரங்களைச் சேகரிக்கவே கற்றுக்கொடுக்கிறார்கள். எல்லா விவரமும் சேகரித்துவிட்டு “அடுத்த வாரம் வாங்க” என்றால், இருநூறு ரூபாய் பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் போன மனிதர் ஏன் வர வேண்டும்? ஒரு மணி நேரம் என்றால் இப்படிப் பிரிக்கலாம்: குடும்பத்தோடு பதினைந்து நிமிடம், தனியே முப்பது, மீண்டும் சேர்ந்து பதினைந்து. நம் ஊரில் குடும்பத்தை வெளியே உட்காரவைத்துவிட்டு ஆரம்பித்தால், வெளியே இருப்பவர்கள்தான் அடுத்த அமர்வு வேண்டாம் என்று முடிவெடுப்பார்கள். கடைசிப் பதினைந்து நிமிடத்தில் பிரச்சினைக்கு ஒரு பெயர், அது ஏன் போகாமல் நிற்கிறது என்பதற்கு நோயாளியின் சொற்களிலேயே இரண்டு வாக்கியம், வீட்டில் செய்ய ஒரே ஒரு சின்ன வேலை. எத்தனை அமர்வுகள் ஆகலாம் என்பதையும் சொல்லுங்கள்.

“நோயாளியின் சொற்களிலேயே” என்பது முக்கியம். மனச்சோர்வு என்று யாரும் வந்து சொல்வதில்லை. “நெஞ்செல்லாம் பாரமா இருக்கு”, “எதுலயும் மனசு ஒட்டல”, “நரம்புத் தளர்ச்சி”, “தலைக்குள்ள எறும்பு ஊறுது”, “யாரோ செய்வினை வெச்சிட்டாங்க.” செய்வினை என்பதை உடனே மறுக்கத் தேவையில்லை. யார் வைத்ததாக நினைக்கிறார்கள் என்று கேட்டாலே, குடும்பத்துக்குள் இருக்கும் சொத்துச் சண்டையோ பேச்சுவார்த்தை நின்ற அண்ணன் வீடோ வெளியே வந்துவிடும். தர்காவுக்கோ கோயிலுக்கோ போய்வந்திருப்பார்கள். 2001-இல் ஏர்வாடி தர்காவை ஒட்டிய காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்துபோனதை மறந்துவிட்டு இதைப் பேச முடியாது. கட்டிவைக்கிறார்களா, அடிக்கிறார்களா, மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார்களா என்று நேராகக் கேளுங்கள். மூன்றும் இல்லை, மாத்திரையும் தொடர்கிறது என்றால் வெள்ளிக்கிழமை அங்கே போய் உட்கார்ந்து வருவதில் சிகிச்சைக்குத் தடை எதுவும் இல்லை.

அட்வைஸுக்கும் சிகிச்சைக்கும் நடுவே நிற்பது, பிரச்சினை எப்படி உருவாகி எப்படி நீடிக்கிறது என்ற வரைபடம். படிப்பில் இதை ஐந்து பத்தியாக எழுதிப் பழகியிருப்பீர்கள். வேலையில் அதைத் தொண்ணூறு நொடியில் வார்டு சுற்றில் சொல்லத் தெரிய வேண்டும். உதாரணத்துக்கு இப்படி ஒருவரை வைத்துக்கொள்வோம்: “34 வயது, ஜவுளிக்கடை வேலை. ஆறு மாதமாகப் படபடப்பு, மூன்று தடவை எடுத்த ஈ.சி.ஜி.யும் சரி. அப்பா ஐம்பது வயதில் மாரடைப்பில் போனவர். அண்ணனுக்கு ஸ்டென்ட் வைத்த வாரத்தில் ஆரம்பித்திருக்கிறது. படபடப்பு வந்தால் உட்கார்ந்துவிடுகிறார், மனைவி இல்லாமல் பஸ் ஏறுவதில்லை, பையில் சார்பிட்ரேட் (நெஞ்சுவலி மாத்திரை) வைத்திருக்கிறார். இந்த மூன்றும்தான் பயத்தைப் பிடித்துவைத்திருக்கின்றன. மனைவி ஒத்துழைக்கிறார். பத்துப் பன்னிரண்டு அமர்வுகளில் இவற்றை ஒவ்வொன்றாக விடவைக்கலாம். அந்த மாத்திரை இதயத்துக்குத் தேவையா என்று நீங்கள் பார்த்துச் சொல்ல வேண்டும்.” கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். மருத்துவரிடம் ஒரு கேள்வி திரும்பிப் போகிறது. இரண்டு தொழில்கள் அருகருகே நிற்பது அந்த வாக்கியத்தில்தான்.

சிகிச்சையில் தவறுவது பெரும்பாலும் மென்மையால். மேலே சொன்னவருக்குப் படபடப்பை வேண்டுமென்றே வரவழைக்கும் பயிற்சி வேண்டும்: ஒரு நிமிடம் வேகமாக மூச்சு, ஒரு நிமிடம் நின்ற இடத்தில் ஓட்டம், மெல்லிய ஸ்ட்ரா வழியாக மூச்சு. ஒவ்வொன்றுக்கும் பயத்துக்கு நூற்றுக்கு எத்தனை என்று எழுதி, உட்காராமல், தண்ணீர் குடிக்காமல், பயம் தானாக இறங்குவதைப் பார்க்க வேண்டும். இதய நோய், ஆஸ்துமா, வலிப்பு, கர்ப்பம் இல்லையென்று மருத்துவர் உறுதி செய்த பிறகே ஆரம்பிக்க வேண்டும். புதியவர்கள் இதைச் செய்யப் பயந்து, தசைத் தளர்வுப் பயிற்சியை நான்கு வாரம் நடத்துகிறார்கள். நோயாளி “நல்லா இருக்கு மேடம்” என்பார். பஸ்ஸில் தனியாக ஏறியிருக்க மாட்டார். சிகிச்சையாளர் தன் பதற்றத்தைத் தணித்துக்கொள்ள நோயாளிக்குத் தளர்வுப் பயிற்சி கொடுக்கும் இந்தத் தவறை மூத்த சிகிச்சையாளரின் மேற்பார்வை இல்லாமல் கண்டுபிடிப்பது மிகவும் கடினம்.

அக்கா, அம்மா, எந்த ஊரு?

நம் ஊரில் மூன்றாவது அமர்வுக்குள் நீங்கள் அக்காவாகவோ அம்மாவாகவோ ஆகிவிடுவீர்கள். அதைத் தடுக்க வேண்டியதில்லை. “என்னை அப்படிக் கூப்பிடாதீங்க” என்பது முகத்தில் அடித்த மாதிரி. ஆனால் உறவுச் சொல்லோடு உறவின் எதிர்பார்ப்பும் வரும். முருங்கைக்காய் வரும், வாங்கிக்கொள்ளலாம். வெள்ளி விளக்கு வரும், வேண்டாம் என்று சொல்ல வேண்டும். கல்யாணப் பத்திரிகை வரும். போனால் “இவங்க யாரு?” என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள், அவர் என்ன சொல்வார் என்று அவரிடமே முன்கூட்டிப் பேசுங்கள். பெரும்பாலும் போகாமல், அடுத்த அமர்வில் கல்யாண போட்டோக்களைச் சேர்ந்து பார்ப்பது இருவருக்கும் நல்லது. இரவு பதினொரு மணி வாட்ஸ்அப்புக்கு முதல் நாளே விதி வேண்டும்: நேரம் மாற்ற மட்டும் அந்த எண், அவசரத்துக்கு அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 அல்லது மருத்துவமனையின் அவசரப் பிரிவு.

“நீங்க எந்த ஊரு?” என்ற கேள்வி தனி. அதற்குப் பின்னால் எந்தத் தெரு, எந்தச் சாதி என்ற கேள்வி இருக்கலாம் என்பது கேட்பவருக்கும் தெரியும், கேட்கப்படுபவருக்கும் தெரியும். ஊர்ப்பெயரைச் சொல்லலாம். அதன் பிறகு அடுத்த கேள்வி வந்தால், “நான் எங்கேர்ந்து வர்றேன்கிறதைப் பொறுத்து உங்க கஷ்டம் எனக்குப் புரியுமா புரியாதான்னு யோசிக்கிறீங்களோ?” என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். சாதியால் அவமானப்பட்டவர் அந்தக் கேள்வியில் அழுதுவிடலாம். அவர் தேடியது பாதுகாப்பு. கேள்வியைக் கேட்காததுபோல் கடந்துவிட்டால், அவர் வாழ்க்கையின் முக்கால் பங்கு அறைக்கு வெளியே நின்றுவிடும்.

ரகசியம் காப்பது பற்றி முதல் அமர்வில் சொல்ல ஒரு வாய்ப்பாடு மனப்பாடமாக இருக்கட்டும்: “நீங்க சொல்றது எங்கிட்டயே இருக்கும், வீட்டுக்காரங்ககிட்டகூட உங்களைக் கேக்காம சொல்ல மாட்டேன். உங்க உயிருக்கோ இன்னொருத்தர் உயிருக்கோ ஆபத்துன்னாலும், கோர்ட் கேட்டாலும், பதினெட்டு வயசுக்குக் கீழ யாருக்காவது பாலியல் கொடுமை நடந்தது தெரிஞ்சாலும் நான் சொல்லியாகணும்.” கடைசியில் சொன்னது போக்ஸோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு. தெரிந்தும் தெரிவிக்காமல் இருந்தால் ஆறு மாதம் வரை சிறை. இதை முதல் நாளே சொல்லாமல், பதினைந்து வயதுப் பெண் எல்லாவற்றையும் சொல்லிவிட்ட பிறகு சொன்னால், அவளுக்கு அது இரண்டாவது துரோகம்.

மிகக் கடினமான வாரம்

தற்கொலை எண்ணம் உள்ளவரிடம் “அப்படிப் பண்ண மாட்டேன்னு கையில அடிச்சு சத்தியம் பண்ணுங்க” என்று வாங்குவதை இன்னும் பார்க்கிறோம். அந்தச் சத்தியம் சிகிச்சையாளரின் நிம்மதிக்கு உதவுகிறது. அவர் உயிரைக் காக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. பார்பரா ஸ்டான்லியும் கிரிகரி பிரவுனும் வடிவமைத்த பாதுகாப்புத் திட்டத்தில் ஆறு படிகள்: எச்சரிக்கை அறிகுறிகள், தானாகச் செய்யக்கூடியவை, மனதைத் திருப்பும் ஆட்களும் இடங்களும், உதவி கேட்கக்கூடிய உறவுகள், தொழில்முறை உதவி, வீட்டைப் பாதுகாப்பாக்குவது. அரைமணி நேரம் சேர்ந்து உட்கார்ந்து, அவர் கையெழுத்தில், அவர் சொற்களில் எழுதி, செல்போனில் படம் எடுத்து வைக்க வேண்டும். “சொந்தக்காரரிடம் பேசவும்” என்று எழுதாமல் பெயரும் எண்ணும் எழுதுங்கள்.

ஆறாவது படியை அவசரத்தில் விட்டுவிடுவார்கள். கிராமத்தில் அதுதான் முதல் படி. பூச்சிமருந்து வீட்டுக்குள் இருக்கிறதா, யார் எங்கே வைத்திருக்கிறார்கள், இன்று யார் எடுத்து வேறு வீட்டில் பூட்டிவைப்பார்கள்? காட்டுமன்னார்கோயில் பகுதியில் ஊர்ப் பொதுக் கிடங்கில் விவசாயிகளுக்குத் தனித்தனிப் பெட்டியும் சாவியும் கொடுத்துப் பூச்சிமருந்தை வைக்கச் செய்த முயற்சியை டாக்டர் லட்சுமி விஜயகுமார் குழுவினர் ஆய்வாகவே வெளியிட்டிருக்கிறார்கள். நகரத்தில் இதே கேள்வி மாத்திரைகளைப் பற்றி: ஒரு மாத மருந்தை வாராவாரம் கொடுக்க முடியுமா என்று மருத்துவரிடமும் வீட்டாரிடமும் பேச வேண்டும். முயன்று பிழைத்தவரின் குடும்பம் போலீஸ் கேஸ் ஆகுமோ என்ற பயத்தில் நடந்ததை மறைக்கும். மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவின்படி, அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதப்பட வேண்டும், விசாரணையோ தண்டனையோ கூடாது என்று சொன்னதும் அவர்கள் தோள் இறங்குவதைப் பார்ப்பீர்கள்.

இவ்வளவும் செய்தும் ஒருவரை இழக்க நேரலாம். நீண்டகாலம் வேலை செய்பவர்களில் பலருக்கு இது நடக்கிறது, பயிற்சியில் யாரும் தயார் செய்வதில்லை. பலர் தொழிலைவிட்டு விலக யோசிப்பதும், உயிர் ஆபத்துள்ள யாரையும் இனி பார்ப்பதில்லை என்று முடிவெடுப்பதும் இந்த வாரத்தில்தான். செய்ய வேண்டியவை சில. பழைய குறிப்புகளில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாதீர்கள். நடந்ததும் தெரிந்த நேரமும் இன்றைய தேதியிட்ட தனிக் குறிப்பாக இருக்கட்டும். மேற்பார்வையாளருக்கும் சிகிச்சை அளித்த மருத்துவருக்கும் அன்றே தெரிவியுங்கள். குடும்பம் வந்தால் சந்தியுங்கள். விளக்கம் சொல்வதற்காகப் போகாதீர்கள், கேட்பதற்காகப் போங்கள். இறந்தபின்னும் அவர் தனியே சொன்னவை ரகசியமே. அடுத்த இரண்டு வாரம் புதிய ஆட்களைக் குறைத்துக்கொண்டு, நீங்களே ஒருவரிடம் போய் உட்காருங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வெட்கப்பட்டு ஒதுங்கியவர்களைத்தான் இந்தத் துறை இழந்திருக்கிறது.

யாரிடம் காட்டுவது

பதிவு பெற்ற பிறகு தொடர் மேற்பார்வை நம் நாட்டில் யாருக்கும் கட்டாயமில்லை. பதிவைப் புதுப்பிக்கத் தொடர்கல்விப் புள்ளிகள் வேண்டும். மண்டபத்தில் உட்கார்ந்து கேட்டாலே கிடைத்துவிடும். மேற்பார்வையை நாமே தேடி, நாமே காசு கொடுத்து, நாமே காலண்டரில் குறித்தால்தான் உண்டு. மாவட்டத் தலைநகரில் தனியாக இருப்பவர் நான்கு முதல் ஆறு பேர் கொண்ட சகாக்கள் குழுவை ஆன்லைனில் வைத்துக்கொள்ளலாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒன்றரை மணி நேரம், ஒரு கூட்டத்துக்கு இரண்டு நோயாளிகளின் விஷயத்துக்கு மேல் வேண்டாம். பெயர், ஊர், வேலை ஆகியவற்றை மாற்றிச் சொல்லுங்கள். நம் சிறிய ஊர்களில் “பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஜவுளிக்கடை” என்றாலே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

கொண்டுவருபவர் முதல் நிமிடத்திலேயே தன் கேள்வியைச் சொல்ல வேண்டும்: “இவரைப் பார்க்கும் நாளில் எனக்குக் காலையிலேயே சலிப்பாக இருக்கிறது, ஏன் என்று தெரியவில்லை.” இப்படிக் கேட்டால் உதவி கிடைக்கும். முழு வரலாற்றையும் நாற்பது நிமிடம் சொல்லிவிட்டு “என்ன பண்ணலாம்?” என்றால், ஆளுக்கொரு அட்வைஸ் வரும். நோயாளிகள் நம்மிடம் கேட்டு வாங்கிப்போகும் அதே அட்வைஸ். ஒலிப்பதிவு முடியுமென்றால் எழுத்துப்பூர்வ சம்மதத்தோடு ஐந்தே நிமிடம். நீங்கள் மாட்டிக்கொண்ட அந்த ஐந்து நிமிடம். நன்றாகப் போன ஐந்து நிமிடம் இல்லை.

தனிப்பட்ட கிளினிக் போடுபவர்களுக்கு இரண்டு வார்த்தை. ஒரு நாளில் ஐந்து சிகிச்சை அமர்வுகளுக்கு மேல் வைத்தால் ஐந்தாவதாக வருபவர் பாதி உளவியலாளரைத்தான் பார்க்கிறார். ஒவ்வொன்றுக்கும் பின் பத்து நிமிடம் குறிப்பு எழுத ஒதுக்குங்கள், இரவில் எழுதும் குறிப்பு நினைவிலிருந்து எழுதிய கதை. நோயாளியை அனுப்பி வைப்பவர் ‘கட்’ (கமிஷன்) கேட்டால், ஆரம்பத்திலேயே மறுத்துவிடுங்கள். கொடுக்க ஆரம்பித்தால், தேவையில்லாதவரைத் தேவையில்லை என்று திருப்பி அனுப்பும் சுதந்திரம் அன்றோடு போய்விடும்.

எட்டாம் பத்தாம் ஆண்டுகளில் பலரும் ஒரு பக்கம் சாய்வார்கள்: நரம்பு உளவியல், குழந்தைகள், மது மீட்பு, நீதிமன்ற வேலை. நல்லதுதான். ஆனால் எதில் நாம் திறமையானவர் என்பதை நம் ஞாபகம் சரியாகச் சொல்லாது, கோப்புகள் சொல்லும். வருடத்துக்கு ஒருமுறை, முடிந்துபோன கோப்புகளில் பத்தைக் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள். முதல் அமர்வோடு நின்றவர்கள் எத்தனை பேர், அவர்களுக்குள் என்ன ஒற்றுமை? ஆண்களா, தமிழ் மட்டும் பேசுபவர்களா, மாமியாரோடு வந்தவர்களா? முதலில் எழுதிய வரைபடம் கடைசி அமர்வுக்குள் எங்கே மாறியது? மாறவே இல்லையென்றால் நோயாளியைக் கேட்காமல் நம் எழுத்தையே வாசித்துக்கொண்டிருந்தோமா? ஒவ்வொரு கோப்பிலிருந்தும் ஒரு கேள்வியைத் தனித்தாளில் எழுதுங்கள். அந்தப் பத்துக் கேள்விகளில் பதில் தெரியாத மூன்றை, அடுத்த சகாக்கள் கூட்டத்துக்கு எடுத்துக்கொண்டு போங்கள்.